வீட்டை ஹோட்டலாக்கினால் முகப்பில் யார் நிற்பது?

செட்டிநாட்டில் எங்கள் பாட்டையா கட்டிய வீட்டுக்கு இப்போது பதினொரு பங்கு. நாலு பங்கு சென்னையில், மூன்று சிங்கப்பூரில், மிச்சம் மதுரை, கோவை என்று சிதறிக் கிடக்கிறது. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு எல்லாரும் கூடினபோது, வீட்டை ஹெரிட்டேஜ் ஹோட்டலாக்கிவிடலாம் என்ற பேச்சு வந்தது. குளியலறை எங்கே, நீச்சல் குளம் எங்கே, சமையலுக்கு யார் என்பதெல்லாம் அரை மணியில் முடிந்தது. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பதிலும் யாருக்கும் மறுப்பில்லை. சண்டை வந்தது கலைப்பொருளில்தான். வருகிறவர் கண்ணில் என்ன பட வேண்டும், எதை எங்கே வைப்பது?

மூன்று கட்சி. சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பச்சி மகன், பெரிய கலைஞர் யாரிடமாவது புதிதாகச் செய்து வாங்கி வைக்க வேண்டும் என்றார். சென்னைப் பங்குக்காரர் ஒருவர், காரைக்குடி கடைகளில் பழைய சாமான் வாங்கி நிரப்பினால் போதும் என்றார். சின்னாத்தாவுக்கு 82 வயது. "இருக்கிறதைத் துடைச்சு வைங்கப்பா, அது போதாதா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார். எனக்கு நாலாவதாக ஒரு எண்ணம் இருந்தது. அன்று சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

சிங்கப்பூர் அண்ணன் மனதில் இருப்பது அந்த ஊர் மரினா பே சாண்ட்ஸ். அவர் காட்டித்தான் நானும் பார்த்தேன், அதனால் கேலியாகப் பேச மாட்டேன். மோஷே சஃப்டி வடிவமைத்து 2010இல் திறந்த அந்த ஹோட்டலில், கட்டடம் எழும்போதே கலைஞர்களையும் கூட்டி வந்து வேலை கொடுத்திருக்கிறார்கள். முதல் கோபுரத்தின் உள்வெளியில் ஆண்டனி கோர்ம்லியின் எஃகுக் கம்பி வலை தொங்குகிறது. 40 மீட்டர் நீளம். அண்ணாந்து பார்த்தால் மேகம் ஒன்று உள்ளே வந்து மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். கீழே ஜெங் சோங்பின் செய்த 83 பெரிய பீங்கான் சாடிகள், ஒவ்வொன்றும் ஆளைவிட உயரம், ஒவ்வொன்றிலும் ஒரு மரம். வெளிச்சுவரில் நெட் கான் தொங்கவிட்ட லட்சக்கணக்கான உலோகத் தகடுகள் காற்றடித்தால் நெல் வயல் போல அலையடிக்கின்றன. அழகு மட்டுமில்லை, மேற்கு வெயிலையும் மறைக்கின்றன.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. இவை எதையும் பார்க்க அறை எடுக்க வேண்டியதில்லை. செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அன்று நாங்கள் காசு செலவழித்தது ஒரு காபிக்குத்தான், அதுவும் வெளியே வந்து.

அண்ணன் யோசனையில் எங்கே இடிக்கிறது என்றால், அந்த வலை தொங்குவதற்குப் பல மாடி உயரத்துக்கு வெற்றிடம் வேண்டும். நம் வீட்டில் மேல்மாடியையும் சேர்த்தால் இரண்டு தளம். வளவில், அதாவது நடுமுற்றத்தில், தொங்கவிட்டால் மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும். சின்னதாகச் செய்யலாமே என்றால், பெரிதாக இருப்பதுதானே அதன் உயிர்? இன்னொன்று, அந்தக் கட்டடமும் அந்தக் கலையும் ஒன்றாகப் பிறந்தவை. நம் வீடு நூறு வருஷம் முன்பே பிறந்துவிட்டது. இப்போது வந்து உட்காருகிற எஃகுச் சிற்பம் விருந்தாளியாகத்தான் இருக்கும்.

நெட் கானின் இன்னொரு வேலையும் அங்கே உண்டு. 22 மீட்டர் அகலத்தில் கண்ணாடி போன்ற ஒரு பெரிய கிண்ணம். அதில் தண்ணீர் சுழன்று சுழன்று நடுத் துளை வழியாகக் கீழே உள்ள குளத்தில் அருவியாக விழுகிறது. குறித்த நேரத்தில்தான் விழும். ஜனங்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள். நானும் நின்றேன். நிற்கும்போது ஐப்பசி அடைமழையில் எங்கள் வளவு ஞாபகம் வந்துவிட்டது. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் தகர வாரிக்கு இறங்கி, மூலைக் குழாய் வழியாகக் கொட்டும். முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு அண்டாவை வைப்பார் அப்பத்தா. தூண்களுக்கு நடுவே நாலு திரையாக மழை. பம்ப் கிடையாது, காட்சி நேரம் கிடையாது. வருஷத்தில் சில வாரம் மட்டும் நடக்கும் காட்சி அது, மாசியில் வந்த விருந்தாளிக்கு எதுவும் தெரியாது. இரண்டில் எது பெரியது என்று கேட்டால், பொறியியலில் அது, எனக்கு இது. இந்த இடத்தில் நான் நடுநிலையாக இல்லை.

சென்னைப் பங்குக்காரரின் யோசனை மலிவானது, சீக்கிரம் முடியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நாள் சுற்றினால் லாரி நிறையும். ரவிவர்மா அச்சுப் படங்கள், தஞ்சாவூர் ஓவியங்கள், இனாமல் தூக்குகள், பெல்ஜியம் கண்ணாடி, பர்மாத் தேக்குத் தூண், கஜலட்சுமி செதுக்கிய வாசல் நிலை. எல்லாம் அசல்தான். அதுதான் என் சங்கடமும். அந்த நிலை ஒரு வாசலில் நின்றிருந்தது. ஒரு வீடு இடிந்தால்தான் அது கடைக்கு வரும். கட்டிக்காக்க முடியாத பங்காளிகள் விற்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நம் வீட்டை அழகுபடுத்த அடுத்த ஊர் வீட்டின் எலும்பை வாங்குவது எனக்கு ஒவ்வவில்லை.

இப்படி நிரப்பிய ஒரு ஹோட்டலில் தங்கியிருக்கிறேன், பெயர் வேண்டாம். வரவேற்பறைச் சுவரில் ஏழு கதவுகள். ஒன்றும் எங்கும் திறக்காது. யாரோ ஒருவருடைய அப்பத்தாவின் போட்டோ சட்டத்தோடு கழிவறைக்குப் போகும் வழியில் தொங்கியது. அந்த அம்மா யார் என்று கேட்டேன், பையன் சிரித்துவிட்டு "டெக்கரேஷன் சார்" என்றான். வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் ஓவியம் ஒன்றை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனி ஆட்கள் நாட்டை விட்டு வெளியே அனுப்ப 1972ஆம் வருஷச் சட்டம் இடம் கொடுக்காது. அதை அவரிடம் சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ரவிவர்மா படங்களை மட்டும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அவை தொடக்கத்திலிருந்தே அச்சுப் பிரதிகள். 1894இல் அவர் அச்சகம் வைத்ததே வீட்டுக்கு வீடு லட்சுமியும் சரஸ்வதியும் போய்ச் சேரத்தானே. நம் பட்டகசாலைக் கூடத்தில் ஏற்கெனவே ஆறு இருக்கின்றன, பூச்சி அரித்த ஓரத்தோடு. அவற்றின் படச்சட்டத்தை மாற்றினால் போதும்.

சின்னாத்தா கட்சிக்கு, ஹோட்டலாகிவிட்ட வீடுகளில், ஊரிலேயே நல்ல சாட்சிகள் உண்டு. கானாடுகாத்தான் விசாலம், தந்தை ஒருவர் மகளுக்காகக் கட்டிய ஆர்ட் டெக்கோ வீடு. அங்கே படம் மாட்டி நிரப்பவில்லை. வளைந்த பால்கனியும் தரையும் வெளிச்சமும்தான் கண்காட்சி. கொத்தமங்கலம் சாரதா விலாஸ், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் புதுப்பித்தது. எது பழையது, எது பழுதுபார்த்தது என்று தேடிப் பார்க்கிற அளவுக்கு அடக்கமான வேலை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறியதும், உள்ளே மாட்டிய பொருளுக்காக இல்லை. தெருவும் வீடும் ஊருணியும் சேர்ந்த அமைப்புக்காக.

வீடே கலை என்றால் அது சோம்பேறி வழி என்று நினைக்க வேண்டாம், உள்ளதில் இதுதான் செலவு பிடித்தது. சுவரைப் பாருங்கள். சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, அப்புறம் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு. நூறு வருஷம் கழித்தும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பங்குக்காரர் இருபது வருஷம் முன்பு தன் அறைச் சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டார். மூச்சு முட்டிய சுவர் இப்போது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அதைச் சுரண்டிப் பழையபடி பூசுவதற்கு ஆகும் காசில் ஒரு நல்ல சிற்பமே வாங்கலாம். (அந்தப் பங்குக்காரர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.)

ஆனாலும் இதில் ஒரு குறை. துடைத்து வைத்த வீடு முடிந்துபோன கதையாகிவிடுகிறது. பாட்டையா அப்படி இருந்தவரில்லை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், ஜப்பானிலிருந்து பூ ஓடு என்று அந்தக் காலத்துப் புதுசையெல்லாம் இறக்கினவர். முகப்பின் கைப்பிடிச் சுவரில் கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுதையில் நிறுத்தினவர். அது அவர் காலத்து மாடர்ன் ஆர்ட் இல்லாமல் வேறென்ன?

அதனால்தான் நாலாவது வழி. புதுசு வேண்டும், அதை நம்மூர்க் கையே செய்யட்டும்.

ஆத்தங்குடி அதிகத் தூரமில்லை. அங்கே பூக்கல் என்கிற தரை ஓடு செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் உலோக அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு வண்ணக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று லேசாக உரசிக்கொள்ளும். மேலே உலர்ந்த சிமெண்ட் மணல், அதன்மேல் ஈரக் கலவை. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி கழன்று வரும்போதுதான் முகம் தெரியும். சூளை கிடையாது. இரண்டு கல் ஒன்றுபோல இருக்காது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்.

மரினா பே சாண்ட்ஸில் சால் லெவிட்டின் சுவரோவியம் ஒன்று இருக்கிறது, வளைவும் பட்டையுமாக. அவர் 2007இலேயே காலமாகிவிட்டார். அவர் எழுதி வைத்த குறிப்புப்படி வேறு கைகள் சுவரில் வரைந்தது அது. வடிவம் ஒருவர் மூளை, செய்தது இன்னொருவர் கை. ஆத்தங்குடி அச்சும் அதே ஏற்பாடுதான். அங்கே வடிவம் போட்டவர் பெயர் பலகையில் இருக்கிறது, இங்கே யார் பெயரும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது சின்ன வித்தியாசமில்லை. நம் ஹோட்டலில் புதுப் பகுதிக்கு நம் காலத்து ஓவியர் ஒருவர் ஒரு தரை வரையட்டும், ஆத்தங்குடிக்காரர்கள் ஊற்றட்டும். இருவர் பெயரையும் கல்லிலேயே போடலாம்.

அடுத்தது மண் குதிரை. அந்த 83 சாடிகளைப் பார்த்தபோது எனக்கு நமணசமுத்திரம் ஐயனார் கோயில்தான் தோன்றியது. வரிசை வரிசையாக, மண்பாண்டம் செய்யும் வேளார் கை மண் குதிரைகள். புரவி எடுப்புத் திருவிழா அன்று ஊரே தூக்கிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்துவிடும். அதற்கப்புறம் மழையும் வெயிலும் அதைப் பார்த்துக்கொள்ளும். உடைந்ததை ஒட்ட மாட்டார்கள், புதுசு வந்து பக்கத்தில் நிற்கும். இதை ஹோட்டல் தோட்டத்தில் வைக்கலாமா என்பதில் எனக்கே தயக்கம். நேர்ந்துகொண்ட குதிரையை நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. வேளாரிடமே கேட்டேன். "சாமிக்குன்னா விரதம் இருந்து செய்வோம், கண்ணு திறப்போம். உங்களுக்குன்னா கண்ணு திறக்காம தர்றேன், யானையா வேணும்னாலும் செஞ்சு தர்றேன்" என்றார். யானை என்று முடிவு செய்துவிட்டேன். பங்காளிகளிடம் இன்னும் சொல்லவில்லை.

பனையோலைக் கொட்டான், கண்டாங்கிச் சேலை இரண்டும் அறைக்குள் இருக்கட்டும். கைக்குள் இருக்க வேண்டியதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பார்க்கவே பாவமாக இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை, தொடங்கினால் கட்டுரை முடியாது.

ஆக என் கணக்கு: பாதிக் காசு சுவருக்கும் முகப்புச் சுதைக்கும். மீதியில் தரையும் யானைகளும். அண்ணனின் எஃகுக்கு இடமில்லை. கடைச் சாமானுக்கு ஒரு காசு கூட வேண்டாம், ரவிவர்மா படச்சட்டம் தவிர.

இதோடு முடிந்திருக்கும், கட்டட வரைபடம் வராமல் இருந்திருந்தால். அதில் முகப்புக்கு எதிரே பத்தடி மதில் போட்டிருக்கிறார்கள். விருந்தினரின் தனிமைக்காம். சின்னாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இதக் கட்டினா பால்காரன் லெட்சுமிய எப்படிப் பார்ப்பான்? தெனமும் சைக்கிள நிறுத்திக் கன்னத்துல போட்டுட்டுப் போறான்" என்றார்.

கஜலட்சுமியையும் சிப்பாயையும் பாட்டையா வைத்தது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு இல்லை. உள்ளே இருந்து பார்த்தால் அவர்கள் முதுகுதான் தெரியும். தெருவில் போகிறவனுக்கு வைத்தது. சிங்கப்பூரில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்க முடிகிற கலையை மெச்சிவிட்டு வந்த நாம், நூறு வருஷமாகத் தெரு முழுக்கப் பார்த்ததை மதிலுக்குப் பின்னால் தள்ளப் பார்க்கிறோம்.

மதிலை மூன்றடியாகக் குறைத்து, மேலே கம்பி அழி போதும் என்று வரைபடத்தில் சிவப்பு மையில் எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். சிங்கப்பூர் அண்ணன் உடனே கட்டைவிரல் காட்டிவிட்டார். சென்னையில் இருவர் பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. பிளாஸ்டிக் பெயின்ட் பங்குக்காரர், மதிலுக்கு என்ன கலர் என்று கேட்டிருக்கிறார்.