ஜிவை-271 காந்தப்புல உணரி: உயர்தர வகுப்புக்குத் தாராளம்

உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகளுக்குக் காந்தப்புலத்தை இலக்கத்தில் காட்டலாமே என்று இந்தச் சின்னத் தட்டை இணையத்தில் வாங்கினேன். கூரியரோடு ஆயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. ஹட்டன் பஜாரில் கேட்டால் மல்டிமீட்டரைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

தட்டிலுள்ள உணரிச் சிப்பை விளம்பரத்தில் எச்எம்சி5883எல் என்று போட்டிருந்தார்கள். வந்தது கியூஎம்சி5883எல். ஓரெழுத்துதானே என்று விட முடியாது. தட்டை இணைக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை முன்னதை 30 என்ற முகவரியில் தேடும், பின்னது 13இல் இருக்கும். எச்எம்சிக்கான பழைய நிரலை ஏற்றினால் ஒழுங்கான வாசிப்பே வராது, பிள்ளைகள் பாவம் வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். கியூஎம்சிக்கான நூலகம் என்ற ஆயத்த நிரல் தொகுப்பைப் போட்டதும் சரியாகிவிட்டது. சிப் மோசமில்லை, விற்றவர் உள்ளதைச் சொல்லியிருக்கலாம்.

காஸ் என்பது காந்தப்புலத்தின் ஓர் அலகு. 2 காஸ் வீச்சில் ஒரு காஸுக்கு 12,000 படிகள் தருகிறது. நம் பக்கத்துப் புவிக்காந்தம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது 0.4 காஸ். உணரியின் வாசிப்புப் பிழையைத் திருத்திவிட்டு மர மேசையில் மட்டமாக வைத்துச் சுழற்றினால் இரண்டு கிடை அச்சுகளும் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. நிலைக்குத்து அச்சு மட்டும் பூச்சியத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. புவிக்காந்தப் புலம் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில் ஓடுவதால் புலக்கோடுகள் இங்கே ஏறக்குறையப் படுத்தே கிடக்கின்றன. இந்த ஒன்றைக் காட்டவே கொடுத்த காசு தகும்.

அப்புறம் மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளின் புலத்தை அளந்தேன். 50 சுற்று, 10 சென்ரிமீற்றர் ஆரை, 0.1 அம்பியர். சூத்திரப்படி மையத்தில் 31 மைக்ரோடெஸ்லா வர வேண்டும். புவிக்காந்தத்தைக் கழித்தபின் தட்டு 30ஐ ஒட்டியே நின்றது. இரும்புக்கால் மேசையில் மட்டும் வைக்காதீர்கள்.

இதயத்தின் காந்தப்புலத்தையும் இதால் அளக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். முடியாது. அது புவிக்காந்தத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தப் பக்கம் போக முயல்பவைதான் ஒளிப் பரிவு உணரிகள். மிகச் சிறிய கண்ணாடி வளையத்துக்குள் லேசர் ஒளி சுற்றிச் சுற்றி ஓடும். நம் பரிவுக் குழாய் போல, குறித்த அலைநீளங்களுக்கு மட்டுமே பரிவு. அதோடு டெர்ஃபெனால்-டி என்ற உலோகக் கலவையை இணைத்தால், காந்தப்புலத்தில் அது நீண்டு வளையத்தை இழுக்கும், பரிவு அலைநீளம் நகரும். அந்த நகர்வை அளந்தால் புலம் தெரிந்துவிடும். 2012இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் இப்படியொன்றைச் செய்து காட்டினார்கள். மிக மெல்லிய காந்தப்புலங்களை அளக்கும் ஸ்குவிட் கருவிக்கு வேண்டிய கடுங்குளிர் இதற்குத் தேவையில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு அது வரும்வரை காத்திருக்க வேண்டாம், இதை வாங்குங்கள்.

பின்கள் தனியாகப் பையில்தான் வருகின்றன. ஈயம் பிடிக்கத் தெரியாவிட்டால் ரேடியோ திருத்துபவரிடம் கொடுங்கள். மழைக்காலத்தில் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், நம்மூர் ஈரத்தில் பின்கள் சீக்கிரம் கறுத்துவிடும்.