நீள ஜூமா, ஒற்றை லென்ஸா: இரண்டையும் வருடக்கணக்கில் சுமந்த பிறகு

பெரிய கேமராவையும் நாலு லென்ஸையும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று முடிவு செய்தவர்கள் முன்னால் வழக்கமாக இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, சட்டைப்பைக்குச் சற்றே பெரிதான காம்பாக்ட் சூப்பர் ஜூம், அதாவது தூரத்தில் உள்ளதை அருகே இழுத்துக் காட்டும் சின்னக் கேமரா. இன்னொன்று, பழைய ரேஞ்ச்ஃபைண்டர் தோற்றத்தில், வியூஃபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் துளையை) இடது ஓரத்தில் வைத்து, ஜூமே இல்லாத ஒரு லென்ஸோடு வரும் டிஜிட்டல் கேமரா. இரண்டுமே என்னிடம் பல வருடங்களாக இருக்கின்றன, இரண்டையும் நன்றாகவே பாடுபடுத்தியிருக்கிறேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் ஒற்றை லென்ஸ் கேமராவைத்தான் வைத்துக்கொள்வேன். ஆனால் எல்லாருக்கும் அதையே வாங்கச் சொல்ல மாட்டேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் உள்ள ஒற்றை லென்ஸ் கேமரா ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100எஃப். 2017-இல் வந்தது. 24.3 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (படத்தைப் பதிக்கும் சில்லு), 23 மி.மீ. எஃப்/2 லென்ஸ். முழுச்சட்டக் கணக்கில், அதாவது பழைய ஃபிலிம் அளவு சென்சாரை வைத்துச் சொன்னால், 35 மி.மீ. பார்வைக்குச் சமம். கீழே வரும் மி.மீ. எண்களும் இந்தக் கணக்குதான், எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் அருகே வரும். சூப்பர் ஜூமின் மாடல் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதில் எனக்கு நேர்ந்த ஒரு தொல்லையைப் பின்னால் சொல்வேன், அது அந்த வகைக்கே பொதுவானது. 1 இன்ச் சென்சார் உள்ள வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பானாசோனிக் டிஜெட்100 (25–250 மி.மீ.), டிஜெட்200 (24–360 மி.மீ.), சோனி ஆர்எக்ஸ்100-இன் ஆறாம், ஏழாம் மாடல்கள் (24–200 மி.மீ.) எல்லாம் இந்தக் கூட்டம்தான். கேனான் எஸ்எக்ஸ்740 போன்றவை 960 மி.மீ. வரை போகும், ஆனால் அவற்றின் சென்சார் இன்னும் மிகச் சிறியது.

தோற்றத்தைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எக்ஸ்100 வரிசை உண்மையான ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை. உண்மையான ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு ஜன்னல் வழியாக வரும் இரண்டு பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1, 2006 முதல் வந்த டிஜிட்டல் லைக்கா எம் கேமராக்கள் அப்படிப்பட்டவை. எக்ஸ்100-இல் இருப்பது ஆட்டோஃபோகஸ். வடிவமும் பிடிக்கும் விதமும் மட்டும்தான் பழைய பாணி.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த இரண்டுக்கும் நடுவில் தேர்ந்தெடுப்பதை எல்லாரும் தூரத்தை வைத்தே யோசிக்கிறார்கள். எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதுதான் முதல் கேள்வி. என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டியது வெளிச்சத்தைப் பற்றி. நீங்கள் எந்த நேரத்தில் படம் எடுக்கிறீர்கள்?

கணக்கு இப்படிப் போகும். பானாசோனிக் வகை சூப்பர் ஜூமை முழுக்க இழுத்தால் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) எஃப்/5.9, எஃப்/6.4 என்று சுருங்கிவிடும், எண் கூடினால் துளை சிறிது. எஃப்/2-க்கும் இதற்கும் மூன்று ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), அதாவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வருகிறது. மாலையில் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில், எஃப்/2-இல் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன், ஏற்ற ஏற்றப் படம் புள்ளி புள்ளியாகும்) 1600-இல் வைத்து 1/125 நொடியில் எடுக்கக்கூடிய ஒரு படம் இருக்கிறது என்று வையுங்கள். அதையே ஜூம் கோடியில், அதாவது முழுக்க இழுத்த நிலையில், எடுக்க வேண்டுமானால் 1/15 நொடிக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை 12800-க்கு ஏற்ற வேண்டும். அதற்கு மேல் சென்சாரும் சிறியது. 1 இன்ச் என்பது 13.2 × 8.8 மி.மீ. ஏபிஎஸ்-சி பரப்பு அதைப்போல் மூன்று மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இரவில் ஜூம் கோடி என்பது பெட்டியில் அச்சடித்த எண் மட்டும்தான்.

ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அருமையாகவே வேலை செய்கிறது. 250 மி.மீ.யில் 1/30 நொடியில் கையில் பிடித்து எடுத்த கட்டடம் கூர்மையாக வந்திருக்கிறது. ஆனால் அது என் கை நடுக்கத்தைத்தான் சரிக்கட்டும், எதிரே ஓடுகிற குழந்தையை நிற்க வைக்காது. என் சூப்பர் ஜூம் படங்களில் நான் அழித்தவற்றில் பெரும்பகுதி இந்த ரகம்: பின்னணி தெளிவு, ஆள் தீற்றல்.

அகலக் கோடியில், அதாவது ஜூமை இழுக்காமல், மட்டும் எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. அங்கே எஃப்/2.8 அல்லது எஃப்/3.3 கிடைக்கும், பரவாயில்லை. ஆனால் சற்று இழுத்ததுமே இவற்றில் பலவும் எஃப்/4-ஐத் தாண்டிவிடும். முகம் எடுக்க வசதியான இடமே அங்கேதான் தொடங்குகிறது.

இதெல்லாம் சூப்பர் ஜூமைத் திட்டுவதற்காக எழுதவில்லை. பகல் வெளிச்சத்தில் அது தரும் சந்தோஷம் தனி. காலை எட்டு மணி வெயில், எதிர்க்கரை மரத்தில் ஒரு மீன்கொத்தி, கையில் இருப்பது முந்நூறு கிராம் சொச்சம் எடையுள்ள ஒரு பெட்டி. வேறு எந்த வழியிலும் அந்தப் படம் எனக்குக் கிடைத்திருக்காது. மலைத்தொடர்களை நீள ஜூமில் எடுத்தால் அடுக்கடுக்காக ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். 35 மி.மீ.யில் அதே மலைகள் அடிவானத்தில் ஒரு கோடாகப் போய்விடும். ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்தும், மேடைக்கு வெகு தொலைவில் உள்ள இருக்கையிலிருந்தும், நடந்து நெருங்க வழியில்லாத எல்லா இடத்திலும் சூப்பர் ஜூம்தான் ராஜா.

நிலாவை எடுக்கத்தான் பலர் இதை வாங்குகிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 360 மி.மீ.யில் நிலாவின் விட்டம் படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். 20 மெகாபிக்சல் படத்தில் சுமார் 500 பிக்சல். பெரிய பள்ளங்கள் தெரியும், பார்க்க நன்றாகவும் இருக்கும், ஆனால் சட்டம் நிறைய நிலா வேண்டுமென்றால் நிக்கான் பி1000 மாதிரி 3000 மி.மீ. போகும் பூதம் வேண்டும். அது எந்தப் பைக்குள்ளும் அடங்காது. இன்னொன்று, ரொம்ப தூரத்துப் பொருளை எடுக்கும்போது இடையில் உள்ள காற்றையும் சேர்த்தே எடுக்கிறோம். நண்பகலில் சூடான தரைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ளதை எடுத்தால் படம் நெளியும். லென்ஸ் மேல் பழி போடாதீர்கள், அதிகாலையில் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இப்போது அந்தத் தொல்லை. நீட்டி மடங்கும் லென்ஸ் குழாய் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் காற்றை உள்ளே இழுக்கிறது, கூடவே தூசியையும். என் சூப்பர் ஜூமில் சில காலத்துக்குப் பின் எல்லாப் படங்களிலும் வானத்தின் ஒரே இடத்தில் சாம்பல் நிறத் திட்டு வர ஆரம்பித்தது. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா, நாமே துடைக்க வழியில்லை. சரிசெய்து வாங்கினேன், பிறகு மறுபடியும் வந்தது. அகலக் கோடியில் கண்ணில் படாது, ஜூம் கோடியில் அப்பட்டமாகத் தெரியும். எந்தக் கோடிக்காக வாங்கினோமோ அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் எரிச்சல். மணல்வெளி, கடற்கரை, பஞ்சும் நூலும் உதிரும் துணிப்பை: இந்த மூன்றும் ஆகாது. ஜிப் வைத்த சின்ன உறை ஒன்றில் போட்டு வைப்பதுதான் ஓரளவுக்குப் பலன் தருகிறது.

எக்ஸ்100எஃப் பக்கம் வருகிறேன். இதில் நான் அதிகம் நேசிப்பது படத்தரத்தை அல்ல, ஆப்டிகல் வியூஃபைண்டரை. கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறீர்கள், அதன்மேல் ஒரு வெளிச்சச் சட்டம் மிதக்கிறது. சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும். ஓரத்திலிருந்து ஒரு சைக்கிள் வருவது, அது படத்துக்குள் நுழைவதற்கு முன்பே தெரிந்துவிடும். தெருவில் படம் எடுப்பவருக்கு இது பெரிய விஷயம். வியூஃபைண்டர் இடது மூலையில் இருப்பதால் வலது கண்ணால் பார்ப்பவரின் மூக்கு திரையில் இடிக்காது, இடது கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம். எதிரில் இருப்பவருக்கு நம் முகத்தில் பாதியாவது தெரியும், அதனால் பேசிக்கொண்டே எடுக்க முடிகிறது. நீங்கள் இடது கண்ணால் பார்க்கிறவர் என்றால் இந்த வசதிகளில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடையாது. வாங்குவதற்கு முன் ஒரு தடவை கண்ணில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மிக அருகில் உள்ளதை எடுக்கும்போது அந்த ஜன்னல் காட்டுவதும் லென்ஸ் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது, கொஞ்சம் விலகும். அப்போது முன்பக்க நெம்புகோலைத் தட்டினால் அதே துளையில் லென்ஸ் பார்ப்பதையே காட்டும் எலெக்ட்ரானிக் பார்வை வந்துவிடும். பேட்டரிக்கும் இதில் வித்தியாசம் உண்டு. ஆப்டிகலில் சுமார் 390 படம், எலெக்ட்ரானிக்கில் 270 என்பது தயாரிப்பாளர் கணக்கு. உபரி பேட்டரி ஒன்று கட்டாயம்.

அப்புறம் டயல்கள். அபெர்ச்சர் லென்ஸைச் சுற்றிய வளையத்தில், ஷட்டர் வேகம் மேலே, எக்ஸ்போஷர் திருத்தம் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) கட்டைவிரலுக்கு அடியில். கேமராவை ஆன் செய்யாமலே எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம். சூப்பர் ஜூமில் இதே வேலைகளை மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும், அதனால் நான் ஆட்டோவிலேயே விட்டுவிடுகிறேன். ஐஎஸ்ஓவுக்கு மட்டும் ஷட்டர் டயலின் வெளிவளையத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். பார்க்க அழகு, அவசரத்துக்கு உதவாத ஏற்பாடு. நான் ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் போட்டுவிட்டு அதை மறந்துவிட்டேன்.

லென்ஸுக்குள்ளேயே இதழ்கள் போலத் திறந்து மூடும் லீஃப் ஷட்டரைப் பற்றி எக்ஸ்100 ரசிகர்கள் நிறையப் பேசுவார்கள். சத்தமே வராது, அதிவேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும். உச்சி வெயிலில் ஒருவரை வெயிலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, 1/1000 நொடியில், உள்ளேயே இருக்கும் குட்டி ஃபிளாஷைக் கொண்டு முகத்துக்கு வெளிச்சம் கொடுத்தால் படம் அற்புதமாக வரும். ஆனால் 1 இன்ச் காம்பாக்ட்கள் பலவற்றிலும் இதே வகை ஷட்டர்தான் இருக்கிறது. இதை ஒரு தனி பலமாக எண்ணி வாங்க வேண்டாம்.

35 மி.மீ. மட்டுமே என்பது எப்படிப் பழகும்? முதலில் கை கட்டிப்போட்டது போலத்தான் இருக்கும். பிறகு நிற்க வேண்டிய இடம் கேமராவைத் தூக்குவதற்கு முன்பே தெரியத் தொடங்கும். அதே சமயம், பறவையையோ மேடையையோ பார்த்தால் கேமராவைத் தூக்கவே தோன்றாது. வெட்டி எடுக்கலாம், ஆனால் 50 மி.மீ. அளவுக்கு வெட்டினால் 12 மெகாபிக்சல், 70-க்கு வெட்டினால் 6 மெகாபிக்சல் மிஞ்சும். முதலாவது அச்சுக்குத் தாராளம். இரண்டாவது போன் திரைக்குப் போதும், சின்ன அச்சுக்கும் சமாளிக்கும். 2024-இல் வந்த எக்ஸ்100-இன் ஆறாம் பதிப்பில் 40 மெகாபிக்சல் என்பதால் 70-க்கு வெட்டினாலும் பத்து மிஞ்சும். அந்த வரிசையில் முதன்முறையாக உள்ளேயே ஸ்டெபிலைசரும் வந்தது அதில்தான்.

வீடியோ எடுப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், சூப்பர் ஜூம்தான். எக்ஸ்100எஃப்-இல் ஃபுல் எச்டியோடு சரி.

இந்தப் போட்டியில் மூன்றாவது ஆள் ஒருவர் நம் பையிலேயே இருக்கிறார். போன். அகலக் கோடியில் சூப்பர் ஜூம் செய்ததையெல்லாம் நல்ல போன் இன்று செய்துவிடுகிறது. 2021-இல் சாம்சங் எஸ்21 அல்ட்ரா 10 மடங்கு லென்ஸையே உள்ளே வைத்துவிட்டது. ஆகவே நல்ல போன் உள்ளவருக்கு சூப்பர் ஜூமின் பயன் 150, 200 மி.மீ.க்கு அப்பால்தான் மிஞ்சுகிறது, அதுவும் பகலில். ஒற்றை லென்ஸ் கேமராவும் போனும் கிட்டத்தட்ட ஒரே கோணத்தைத்தானே பார்க்கின்றன என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் சென்சார் அளவும், வியூஃபைண்டரும், கையில் திருகும் வளையங்களும் போனில் வரப்போவதில்லை. மங்கிய வெளிச்சத்தில் ஆட்களை எடுத்து அச்சுப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

முடிவெடுக்க ஒரே ஒரு வேலை செய்யச் சொல்வேன். ஏற்கெனவே நீங்கள் எடுத்த படங்களில் பிடித்தமானவற்றை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றிலும் பதிந்திருக்கும் குவியத்தூரம் (அந்த மி.மீ. எண்), ஐஎஸ்ஓ, எடுத்த நேரம் மூன்றையும் பாருங்கள். எந்த நிழற்பட மென்பொருளும் காட்டும். நான் இதைச் செய்தபோது என் ஜூம் படங்கள் இரண்டு கோடிகளிலும் குவிந்து கிடந்தன, நடுவில் கொஞ்சம்தான். எனக்குப் பிடித்தவையோ பெரும்பாலும் மாலைக்கு மேல், கைக்கெட்டும் தூரத்து ஆட்களை எடுத்தவை. என் விடை அங்கேயே வந்துவிட்டது. உங்களுடையவை பகல் பயணமும் பறவையுமாக இருந்தால் தயங்காமல் சூப்பர் ஜூமுக்குப் போங்கள், 1 இன்ச் சென்சாருக்குக் குறைவாக மட்டும் இறங்காதீர்கள்.

லென்ஸ் மாற்றக்கூடிய ஃபியூஜி எக்ஸ்-ஈ, சோனி ஏ6000 போன்றவற்றை வாங்கி இரண்டு வேலையையும் ஒன்றிலேயே முடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடிக்கலாம். இரண்டாவது லென்ஸ் வந்ததும் தோள்பை வரும், எதற்காகக் காம்பாக்ட் தேடினோமோ அது அத்தோடு போய்விடும்.

பழையதாக வாங்குபவர்களுக்கு: சூப்பர் ஜூம் என்றால் முழுக்க இழுத்து, அபெர்ச்சரைச் சுருக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ படமெடுத்துப் பெரிதாக்கித் திட்டு இருக்கிறதா பாருங்கள். குழாய் நீண்டிருக்கும்போது லேசாகத் தொட்டால் ஆடுகிறதா, மூடும்போது கரகரக்கிறதா என்று காது கொடுங்கள். எக்ஸ்100 வகை என்றால் முன் நெம்புகோலைப் பல தடவை தட்டி இரண்டு பார்வைகளும் தடங்கலின்றி மாறுகின்றனவா, எஃப்/2 முதல் எஃப்/16 வரை ஒவ்வொன்றிலும் எடுத்த படம் ஒரே வெளிச்சத்தில் வருகிறதா என்று சரிபார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.