பழைய லாரிக்குப் புது பிரேக் ஷூவா, புது லைனிங் மட்டும் போதுமா?

எங்கள் ஆறு சக்கர லேலண்ட் லாரிக்கு மாசி மாதம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டியிருந்தது. பின் அச்சில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் ஷூ என்ற வளைந்த இரும்பின் மேல் ரிவெட்டால் அடித்திருக்கும் உரசும் பட்டையான லைனிங், ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தது. புது ஷூ செட் வாங்கி மாட்டிவிட்டால் மதியத்துக்குள் வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பிவிடும் என்றார் மச்சான். இருக்கிற ஷூவையே கொண்டுபோய்ப் புது லைனிங் அடித்துக்கொண்டு வரலாம் என்றேன் நான். செலவும் குறைவு. இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு மெக்கானிக் அண்ணன் ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, டிரம்மை அளந்தீர்களா?"

அளக்கவில்லை. சங்ககிரியில் எத்தனையோ லாரிக்காரர்கள் அளப்பதில்லை. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கூடு; பிரேக் மிதித்தால் ஷூ விரிந்து அதன் உட்புறத்தில்தான் உரசும். பழைய வண்டியின் டிரம் பிறந்தபோது இருந்த அளவில் இருக்காது. கோடு விழுந்தபோதெல்லாம் லேத்தில் கொடுத்துச் சீவியிருப்போம். ஒவ்வொரு சீவலுக்கும் உள்விட்டம் கூடும். கடையில் கிடைக்கும் புது ஷூவோ புது டிரம்மின் வளைவுக்குச் செய்யப்பட்டது. விட்டம் கூடிய டிரம்முக்குள் அதைப் போட்டால் நடுப்பகுதி மட்டும் உரசும், இரு முனைகளும் காற்றில் நிற்கும்.

அதை அண்ணன் கண்முன்னே காட்டினார். கடையிலிருந்து ஒரு புது ஷூ ஜோடியை வாங்கிவரச் செய்து, லைனிங் முழுவதும் சாக்பீஸைத் தேய்த்தார். டிரம்மை மாட்டி, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருகி, லேசாக உரசும்படி வைத்துக் கையால் நான்கு சுற்று சுற்றினார். கழற்றிப் பார்த்தபோது நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளை அழிந்திருந்தது. மீதி அப்படியே இருந்தது. முழு லோடோடு இறங்கும் வண்டியை அந்த நான்கு விரல் அகலம்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த இடம் மட்டும் சூடேறிக் கண்ணாடிபோல் பளபளத்துவிட்டால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு வராது. ஓட ஓடப் படிந்துவிடும் என்பார்கள். படியும்தான், ஆனால் அது படியும் வரை ஓட்டுநர் எதை நம்பி மலையிறங்குவது?

லைனிங் பட்டறையின் பலம் இங்கேதான். டிரம் அளவைச் சொன்னால் கனம் கூடிய ஓவர்சைஸ் லைனிங்கை அடித்து, டிரம்மின் வளைவுக்குச் சரியாகச் சீவித் தருவார்கள். நல்ல கைகாரர் நடுவிலிருந்து முனைகளை நோக்கி ரிவெட் அடிப்பார். முனைகளை முதலில் இறுக்கினால் நடுவில் லைனிங் தூக்கிக்கொள்ளும். அடித்து முடித்ததும் சுத்தியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நன்றாக உட்கார்ந்த லைனிங் கணீரென்று பேசும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். லைனிங்கை மட்டும் சுந்தரம், ரானே போலப் பெயர் தெரிந்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் எல்லாப் பழைய ஷூவும் லைனிங் அடிக்கத் தகுதியானது அல்ல. ரிவெட் துளை நீள்வட்டமாகியிருந்தாலோ, ஷூவின் ஒரு முனையைத் தாங்கும் ஆங்கர் பின்னின் துளை தேய்ந்திருந்தாலோ, வெல்டிங்கில் கீறல் தெரிந்தாலோ, அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றும் வண்டி, நாமக்கல்லிலிருந்து கோழி எரு ஏற்றும் வண்டி என்றால் துருவையும் பார்க்க வேண்டும். ஷூத் தகட்டில் துரு உப்பினால் அது லைனிங்கை அடியிலிருந்து தூக்கி விரிசல் விட வைக்கும். அங்கே புது ஷூதான் சரி. அதேபோல, டிரம்மிலேயே பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தை உங்கள் டிரம் தாண்டிவிட்டது என்றால் இந்த விவாதமே வேண்டாம். டிரம்மையும் ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒட்டும் லைனிங் சிறிய வண்டிகளுக்குச் சரி. பார வண்டிக்கு ரிவெட்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஓர் அச்சின் இரு பக்கமும் ஒரே வேலை, ஒரே லைனிங். சில ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு, தருமபுரியிலிருந்து தொப்பூர்க் கணவாயில் இறங்கினேன். பிரேக் மிதித்தபோதெல்லாம் வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கைகள் சேலம் வந்த பிறகும் நடுங்கின. காசு மிச்சம் என்று யாரும் அதைச் செய்யாதீர்கள்.

சக்கரத்தின் நடுவிலிருந்து எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஹப் ஆயில் சீல் ஒழுகினால் முதலில் அதை மாற்றுங்கள். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும் நெருப்பில் காட்டினாலும் பயனில்லை, அது போனதுதான். ஷூவை விரிக்கவும் திரும்ப இழுக்கவும் உதவும் ரிட்டர்ன் ஸ்பிரிங், ரோலர், கேம் புஷ் தேய்ந்திருந்தால் அவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியைத் தயவுசெய்து ஏர் குழாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. பட்டறையில் பையன்கள் முகத்துக்கு நேரே அதை ஊதுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

முடிவில் எங்கள் வண்டிக்கு இரண்டும் நடந்தது. முன் டிரம்கள் போன ஆண்டுதான் புதிதாகப் போட்டவை என்பதால் அங்கே புது ஷூ. பலமுறை சீவப்பட்ட பின்பக்க டிரம்களுக்கு ஓவர்சைஸ் லைனிங். மச்சான் சொன்ன மதியம் மறுநாள் மாலை ஆனது. முதல் சில நாள் சமவெளியில், ஈரோடு, கரூர் என்று பாதி லோடோடு மெதுவாகப் பிரேக் பிடித்துப் படியவிட்டோம். பிறகுதான் மைசூர் பக்கம் ஓட்டிச் சென்றேன்.

திரும்பும்போது திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கீழ் கியரிலேயே இறங்கி, பண்ணாரி கோயில் அருகே வண்டியை ஓரங்கட்டினேன். ஒவ்வொரு டிரம்முக்கு அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். நான்கிலும் ஒரே அளவு சூடு.