வடகடலில் மூழ்கும் கரடி: ஆர்பிஜி மேசைக்கு எந்த வானம்?

மேசையில் உட்கார்ந்து டைஸ் உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் கதை விளையாட்டான ஆர்பிஜிக்குச் சொந்தமாக ஓர் உலகம் கட்டுகிறவர்கள் வரைபடம், நாணயம், அரச பரம்பரை எல்லாம் எழுதிவிட்டு வானத்தைக் கடைசிக்குத் தள்ளுவது வழக்கம். அப்புறம் ஆட்டக் கதையில் வரும் முதல் இரவுக் காவலிலேயே மாட்டிக்கொள்வார்கள். "கிழக்கே இப்ப என்ன ஏறியிருக்கு?" என்று ஒருவர் கேட்பார். வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கலாம். மூன்று செஷன் கழித்து, அதே மாதம் அதே சாமத்துக்கு வேறொன்றைச் சொன்னால், நோட்டில் குறித்து வைத்திருக்கிற ஒருத்தர் விடமாட்டார்.

கையில் இருக்கும் வழி மூன்று. கிரேக்க வானத்தை அப்படியே எடுப்பது. முழுக்கக் கற்பனையாக ஒன்றை வரைவது. நம் தலைக்கு மேல் இருக்கும் 27 நட்சத்திர வளையத்தை எடுத்துப் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்வது. எங்கள் மேசை மூன்றாவதற்கு மாறிவிட்டது. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

கிரேக்க வானத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1922-ல் உலக வானியலாளர்கள் ஒப்புக்கொண்ட 88 விண்மீன் தொகுதிகள் இருக்கின்றன. படங்களுக்கும் கதைகளுக்கும் பஞ்சமில்லை. சிக்கல் இடத்தில்தான். அந்தக் கதைகள் மத்தியதரைக் கடலின் அட்சரேகையில் நின்று சொல்லப்பட்டவை. அங்கே பெருங்கரடி கடலில் இறங்குவதே இல்லை. வருஷம் முழுக்கத் துருவத்தைச் சுற்றும். ராமேஸ்வரம் வட அட்சம் 9 டிகிரி சொச்சம். இங்கே அதே கரடி, நம் எழுமீன், வடகடலில் முழுசாக முங்கி எழும். துருவ நட்சத்திரமும் உச்சியில் நின்று வழிகாட்டாது. கையை முழுசாக நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து அந்த ஒரு முட்டி உயரத்தில், ஈரப்புகைக்குள் மங்கிக் கிடக்கும். உங்கள் கற்பனை நாடு நம்முடையதைப் போன்ற வெப்பக் கடற்கரை என்றால், 'என்றும் மறையாத கரடி' என்று ஒரு மந்திரவாதி பேச ஆரம்பித்ததுமே பிசகு.

கற்பனை வானத்துக்கு நல்ல முன்மாதிரி எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டு வரிசை. அதில் மொத்தம் 13 தொகுதிகள். வீரன், மந்திரவாதி, திருடன் என மூன்று காவலர்கள்; ஒவ்வொருவர் பொறுப்பிலும் மூன்று தொகுதிகள். ஆக 12, மாதத்துக்கு ஒன்று. பதின்மூன்றாவதான பாம்புக்கு மாதம் கிடையாது. வானத்தில் அலைந்துகொண்டே மற்றவற்றை மிரட்டும். உட்கார்ந்து யோசித்த அமைப்பு இது. மாதமும் தொகுதியும் ஒன்றாக இருப்பதால் நினைவில் நிற்கிறது. பாம்பு கதைக்குக் கதவு திறக்கிறது. ஒரு தொகுதி அணைந்துபோவதோ புதிதாக ஒன்று முளைப்பதோ கற்பனை வானத்தில்தான் கூச்சமில்லாமல் நடக்கும். உங்கள் கதையின் முடிச்சே அதுதான் என்றால் தயங்காமல் இதை எடுங்கள்.

ஆனால் பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. மூன்று வழிக்கும் நடுவே தராசு சாய்வது அங்கேதான். வரைந்த வானம் ஒரு தடவை வேலை அல்ல. ஒவ்வொரு தொகுதியும் எந்த மாதம் அந்தியில் ஏறும், நடுச்சாமத்தில் எங்கே நிற்கும், நிலா எதன் மேல் இருக்கும் என்பதற்கெல்லாம் பட்டியல் வேண்டும். இரண்டு நிலா வைத்தால் இன்னும் கணக்கு: ஒன்றுக்கு 28 நாள், மற்றதற்கு 20 நாள் என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து முழுமதியாவது 140 நாளுக்கு ஒருமுறை. அதை எழுதி வைக்காமல் 'இரட்டைப் பௌர்ணமித் திருவிழா' என்று அறிவித்தால், அடுத்த திருவிழாவை ஆட்டக்காரர்களே எண்ணிச் சொல்லிவிடுவார்கள். உருவத்துக்கும் ஒரே தாள்தான் ஆதாரம். தாள் தொலைந்தால் வானம் தொலைந்தது.

நம் வானத்தில் இந்தப் பட்டியல் ஏற்கெனவே மாதப் பெயருக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ் மாதப் பெயர்கள் முழுமதி நிற்கும் நட்சத்திரத்தை ஒட்டி வந்தவை: கார்த்திகையில் கார்த்திகை, தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம். மேலுக்குத் தெரியாதவை சில: வைகாசிக்கு விசாகம், ஆனிக்குக் கேட்டை, ஆடிக்கு உத்திராடம், ஆவணிக்கு அவிட்டம், புரட்டாசிக்குப் பூரட்டாதி, ஐப்பசிக்கு அசுவினி, மார்கழிக்கு மிருகசீரிடம். முழுமதி சூரியன் மறையும்போது எழும். எனவே அந்த மாத நட்சத்திரமும் அந்தியில் கிழக்கே எழும். நடுச்சாமத்தில் உச்சிக்கு வரும். விடியலில் மேற்கே இறங்கும். மாதப் பெயர் தெரிந்தால் இரவு முழுவதும் கையில்.

மீதிக்கு ஒரே ஒரு எண் போதும். 24 மணி நேரத்தை 27-ஆல் வகுத்தால் 53 நிமிடம் சொச்சம். ஒரு நட்சத்திரம் எழுந்து அடுத்தது எழ ஆகும் நேரம் அது. 9 நட்சத்திரத்துக்குச் சரியாக 8 மணி நேரம். தை முழுமதியை ஒட்டிய ஓர் இரவு, மணி பத்து என்று வையுங்கள். ஆறு மணிக்குப் பூசம். நான்கு மணி நேரத்தில் ஆயில்யம், மகம், பூரம், உத்திரம் ஏறியிருக்கும். அஸ்தம் கடலோரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நிலாவும் இதே கணக்கில் வரும். அது நாளுக்கு ஒரு நட்சத்திரம் நகர்வதால், முழுமதிக்கு ஐந்தாம் நாள் அஸ்தத்தில் நிற்கும். பத்தரை மணி சுமாருக்கு எழும். இருட்டில் கரையேற நினைக்கும் கடத்தல்காரர்களுக்கு எத்தனை மணி நேரம் கைவசம் என்பதை விரல் விட்டே சொல்லிவிடலாம்.

நம் அட்சமும் கைகொடுக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு இத்தனை அருகில் விண்மீன்கள் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி இறங்கும். 27-ல் எதை எடுத்தாலும் தொடுவானத்துக்கு மேல் இருப்பது ஏறக்குறைய 12 மணி நேரம். கூடினாலும் குறைந்தாலும் ஒரு மணிக்குள். அதனால் வட்டச் சக்கரம் செய்ய வேண்டியதில்லை, ஒரு நாடா போதும். 55 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் சார்ட் தாளை வெட்டி, 2 செ.மீ.க்கு ஒரு கட்டமாக 27 கட்டம் போடுங்கள். மீதி 1 செ.மீ. பசைக்கு. முனைகளை ஒட்டி வளையமாக்கி, 27 செ.மீ. திறப்புள்ள அட்டை உறைக்குள் செருகுங்கள். திறப்பில் எப்போதும் பதின்மூன்றரை கட்டம் தெரியும். அதுதான் அந்த நேரத்து வானம்.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தெற்கு பார்த்து நின்றால் கிழக்கு இடது கைப்பக்கம். பின்னால் எழும் நட்சத்திரம் இடமிருந்துதான் உள்ளே வர வேண்டும். ஆகவே பெயர்களை வலமிருந்து இடமாக எழுத வேண்டும்: அசுவினி வலக்கோடியில், அதற்கு இடப்பக்கம் பரணி. எழுதும் பழக்கத்தில் இடமிருந்து வலமாக எழுதிவிட்டால் வானம் தலைகீழாக ஓடும். நிலா மேற்கே உதிக்கும்.

துல்லியம் பற்றி ஒரு எச்சரிக்கை. 27-ம் சம இடைவெளியில் பதிந்தவை அல்ல. மிருகசீரிடமும் திருவாதிரையும் 20 நிமிட இடைவெளியில் எழும். திருவாதிரைக்கும் புனர்பூசத்துக்கும் நடுவே ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். முழுமதியும் மாத நட்சத்திரத்துக்கு ஒன்று முன்பின்னாக நிற்கலாம். நாடாவை நம்பினால் ஒரு மணி நேரப் பிசகு வரும். காவல் மாற்றுவதற்கு அது தாராளம். நிமிடக் கணக்கில் கிரகணம் நடத்த வேண்டுமென்றால் ஸ்டெல்லேரியம் மென்பொருளைத் திறந்து தேதி போட்டுப் பார்ப்பதே சரி.

பெயர் மாற்றத்தில் கவனம் தேவை. ஜாதகப் பெயரை அப்படியே விட்டால் மூலம், ஆயில்யம் என்றதும் மேசையில் யாராவது முகம் சுண்டும். 'பெண் மூலம்' பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கலாம். அந்த நட்சத்திரத்துக்கு அபராதப் புள்ளி போடுவது வேண்டாத வம்பு. கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றுக்கும் போகிறவர்கள் ஒரே மேசையில் ஆடும் கரை இது. தெய்வப் பெயரைவிடக் கடல் பெயர் எல்லோருக்கும் ஒட்டும். வடிவமும் இடம் கொடுக்கிறது. அவிட்டத்தின் சின்னச் சாய்சதுரம் துள்ளும் ஓங்கில் (டால்பின்). பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்த பெரிய சதுரம் திருக்கை. மூலையிலிருந்து வடகிழக்கே நீளும் வரிசைதான் வால். அஸ்தத்தின் நான்கு புள்ளி காற்றில் சாய்ந்த பாய். கேட்டையின் சிவப்பிலிருந்து மூலம் வரை வளைவது தூண்டில் முள். கார்த்திகைக்கு ஆறாமீன் இருக்கவே இருக்கிறது. சங்கப் பாட்டிலேயே அறுமீன்தான்.

கதாபாத்திரத்துக்குப் பிறப்பு நட்சத்திரம் உருட்ட 27 முக டைஸ் தேட வேண்டாம். சாதாரண ஆறு முக டைஸ் மூன்று. 1, 2 வந்தால் ஒன்று. 3, 4 வந்தால் இரண்டு. 5, 6 வந்தால் மூன்று. முதல் விடையில் ஒன்றைக் கழித்து 9-ஆல் பெருக்கி, இரண்டாவதில் ஒன்றைக் கழித்து 3-ஆல் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டினால் 1 முதல் 27 வரை சமவாய்ப்பில் வரும். பலனாக நிரந்தரக் கூடுதல் புள்ளி தராதீர்கள். 'உன் நட்சத்திரம் மேலே இருக்கும்போது செஷனுக்கு ஒரு மறுஉருட்டல்' என்பது போதும். எப்போது கிளம்புவது என்று ஆட்டக்காரர்களே வானம் பார்த்துத் திட்டம் போடுவார்கள். ஓராண்டு ஓட்டத்துக்கு இது தாங்குகிறது. அதற்கு மேல் நீளும் தொடர்கதை ஆட்டத்தில், அதாவது கேம்பெயினில், சலித்துப்போகலாம். கணினி விளையாட்டுக்கும் இதே தீர்ப்பு என்று சொல்லத் துணியமாட்டேன். அங்கே பட்டியலைச் சுமப்பது இயந்திரம்.

பாம்பைப் போல அலைவது வேண்டுமென்றால் நம் வானத்திலும் கிரகங்கள் இருக்கின்றன. வியாழன் ராசிக்கு ஓராண்டு, சனி இரண்டரை ஆண்டு. ராகு ஒன்றரை ஆண்டு, அதுவும் பின்னோக்கி. பழைய இடிபாடுகளுக்கு இன்னொரு சாவி: பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி நகர்வு, நாடாவில் ஒரு கட்டம் நகர 960 ஆண்டு. வேதகாலப் பட்டியல் கார்த்திகையில் தொடங்கியது, இப்போது அசுவினியில் தொடங்குகிறது: இரண்டு கட்டம். கல்வெட்டில் ஆண்டுத் தொடக்க நட்சத்திரம் ஒரு கட்டம் தள்ளி இருந்தால், அந்தக் கோட்டையின் வயதை ஆட்டக்காரர்கள் தாங்களே கண்டுபிடிக்கலாம்.

சரிபார்ப்பதும் எளிது. ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் ஊரில் இரண்டு கடலும் நடந்து போகும் தூரத்தில். சித்திரை, வைகாசியில், விசைப்படகுகள் மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டிக் கிடக்கும்போது, இரவு ஒன்பது மணிக்குத் தென்கடல் கரையில் நின்றால் தெற்குச் சிலுவை ஏறக்குறைய இரண்டு முட்டி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். திரும்பி வடகடல் பக்கம் போனால் துருவம் ஒரு முட்டி. வடக்கே 111 கி.மீ. போனால் துருவம் ஒரு டிகிரி ஏறும், சிலுவை ஒரு டிகிரி இறங்கும். கப்பல் பயண விதி இந்த ஒரு வரிதான். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வாடைக் காற்றோடு மேகம் கட்டிவிடும். அந்த மாதங்களில் ஆட்டத்திலும் வானத்தை மூடிவிடுங்கள், மறுஉருட்டல் கிடையாது.