பாலைவனக் கோபுரங்களில் இரட்டை அச்சு கேம்: பல சீசன் பயன்பாட்டுக்குப் பிறகு

கேம் என்பது பாறை ஏறும்போது விரிசலுக்குள் செருகி, விழுந்தால் கயிற்றோடு நம்மைத் தாங்க வைக்கும் கருவி. அதன் டிரிகரை இழுத்தால் நாலு லோப்களும் (வளைந்த உலோக இதழ்கள்) சுருங்கும், விட்டால் விரிந்து சுவரைப் பிடிக்கும். அப்படிப்பட்ட இரண்டு கேம்களுக்கு, டிரிகரை லோப்போடு இணைக்கும் கம்பியை மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் நிற்கும் மணற்கல் கோபுரமான கேஸில்டன் டவருக்குப் போகத் திட்டமிடும் நண்பர் ஒருவர் "இதே செட்டை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அளவு, எடை, நிற வரிசையெல்லாம் எல்லா விற்பனைப் பக்கங்களிலும் கிடைக்கும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. சிவப்பு மணற்கல்லில் இந்தக் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியது. லோப்கள் திரும்பும் அச்சு இரண்டாக இருப்பதால் ஒரே கேம் பிடிக்கும் விரிசல் அகலம் அதிகம். மூன்றாம் எண் கேம் (எண் என்பது அளவைக் குறிக்கும்) ஏறத்தாழ 51 மில்லிமீட்டரில் தொடங்கி 88 வரை போகும். யூட்டாவின் மோவாப் பக்கம் வின்கேட் மணற்கல் விரிசல்கள் பக்கச் சுவர் இணையாக, நீளமாக ஓடுபவை. நட் (அசையும் பாகமில்லாத, ஆப்பு போன்ற உலோகத் துண்டு) செருகிப் பூட்டிக்கொள்ள அங்கே குறுகலே இருக்காது, கேம்தான் கதி. கேஸில்டனில் லேட்டன் கோரும் ஹன்ட்லி இங்கல்ஸும் 1961இல் ஏறிய கோர்-இங்கல்ஸ் வழியில் (கடின அளவு 5.9) மூன்றாம் பிட்ச்தான், அதாவது ஒரு கயிற்று நீளத்தில் ஏறும் மூன்றாவது பகுதிதான், மிகக் கடினமானது. கை முஷ்டிக்கு அகலம், உடம்பு நுழையக் குறுகல் என்ற ஆஃப்விட்த் விரிசல் அது. சுவரில் கால்சைட் தாது படிந்து, ஏறியவர்களின் தேய்ப்பில் வழவழத்துக் கிடக்கும். அங்கே ஒரு கையால் உடம்பைப் பூட்டிக்கொண்டு மறு கையால் கண்ணை மூடிக்கொண்டு கேமைச் செருக வேண்டியிருக்கும். எண் ஒன்று தவறினாலும் பிடித்துக்கொள்ளும் அகல வீச்சு அப்போது பெரிய நிம்மதி. இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய எண்களை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி எரிச்சல். மணல்.

வின்கேட் மணல் மிக நுண்ணியது. காற்று அடித்துச் சேர்த்த மணல் என்பதால் துகள் உருண்டையாக இருக்கும். லோப்களுக்கு நடுவே உள்ள இடைவெளியிலும் அச்சைச் சுற்றியும் போய் உட்கார்ந்துகொள்ளும். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7, அலுமினியம் 3க்கும் கீழே. யார் யாரைத் தேய்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நாலு லோப்பில் ஒன்று மட்டும் சோம்பலாகத் திரும்பத் தொடங்கும்போதே கவனித்துவிட வேண்டும். டிரிகரை விட்டதும் மூன்று சுவரைத் தொடும், நாலாவது பின்தங்கும். பார்வைக்குச் சரியாக வைத்தது போலவே இருக்கும், இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கிரானைட்டில் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். மணற்கல்லில் முடியாது. கேம் கீழே இழுபடும்போது ஒவ்வொரு சுவரிலும் அந்த இழுப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விசையைத் தள்ளுகிறது. அந்த விசையைக் கல் தாங்க வேண்டும். மென்மையான கல் என்றால் மேற்பரப்பு நொறுங்கி, லோப் தடம் பதித்தபடியே வழுக்கும். உதிர்ந்த துகள் உருளத் தொடங்கினால் உராய்வு இன்னும் குறையும். ஆகவே நாலு லோப்பும் முழுதாகத் தொட்டிருப்பது இங்கே உயிர் விஷயம். வைக்கும் இடத்தைக் கையால் ஒரு முறை துடைத்துவிட்டு, விளிம்பை விட்டு ஆழமாக, பாதிக்கு மேல் சுருங்கிய நிலையில் வையுங்கள். மழை பெய்திருந்தால் கல் உள்ளே உலரும் வரை ஏறவே வேண்டாம். மேற்பரப்பு உலர்ந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஈரமான மணற்கல்லின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும், பிடியும் கேமும் கல்லோடு சேர்ந்து கையோடு வரும்.

சின்ன எண்களில் தொல்லை இன்னும் அதிகம். லோப் குறுகல், ஸ்பிரிங் பலவீனம், மணலைத் தள்ளித் திரும்பும் வலு அதற்கு இல்லை. சிக்கிய லோப்பை அசைக்க எல்லோரும் டிரிகரைத்தான் பலமாக இழுப்போம். அப்போது கம்பி, லோப்போடு சேரும் முனையில் ஒவ்வோர் இழையாக அறுகிறது. அறுந்த இழை விரலில் குத்தும். முழுதும் அறுந்தால் அந்த லோப் விரிந்தே நின்றுவிடும், கேம் விரிசலிலேயே மாட்டிக்கொள்ளும். நட் டூல் என்ற நீள உலோகப் பட்டையின் கொக்கியால் அந்த லோப்பைத் தனியாக இழுத்துத்தான் எடுக்க வேண்டும். மணல் உள்ளே போவதற்கு உற்பத்தியாளரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேயும் என்று தெரிந்த கம்பியை, வீட்டில் எளிதாக மாற்ற முடியாதபடி அழுத்திப் பொருத்தியிருக்கிறார்களே, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. விழும் சுமையைக் கம்பி தாங்குவதில்லை, தண்டும் அச்சும் லோப்பும்தான் தாங்குகின்றன. பாதுகாப்பைத் தொடாமலே எளிதில் மாற்றும்படி செய்திருக்கலாம். உதிரித் தொகுப்பு கிடைக்கிறது, அழுத்தும் குழலும் வருகிறது. ஆனால் நாலு கம்பியும் ஒரே நீளம் அமைய வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினால் லோப்கள் ஒன்றாகத் திரும்பாது, திரும்பவும் அறுத்துச் செய்ய வேண்டியதுதான்.

கழுவும் முறை இது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மென்சோப்பு, பழைய டூத்பிரஷ். டிரிகரை இழுத்து விட்டுக்கொண்டே தேய்த்தால் சிவப்புத் தண்ணீர் வரும். நிறம் நிற்கும் வரை அலச வேண்டும். முழுதாகக் காய்ந்த பிறகுதான் மெழுகு அடிப்படையிலான உலர் மசகு, அதுவும் அச்சில் மட்டும் ஒரு துளி. ஸ்லிங்கில் (நாடா வளையத்தில்) படாமல் பார்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். சாதாரண எண்ணெய் போட்டால் முதல் நாள் வெண்ணெய் போல ஓடும். அடுத்த ஏற்றத்தில் மணல் அதில் ஒட்டிக்கொள்ள, முன்பைவிட மோசமாகும்.

ஏறும்போதே குறைக்கவும் வழி உண்டு. வலது பக்கம் உள்ளே போகும் ஆஃப்விட்தில் ரேக்கை (இடுப்பில் தொங்கும் கருவித் தொகுப்பை) இடது இடுப்புக்கு மாற்றிவிடுங்கள். தொடைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கும் பெரிய கேமின் கம்பிதான் முதலில் வளைகிறது. பிட்ச் முடிவில் நின்று துணைவருக்குக் கயிறு பிடிக்கும் பிலே மேடையில் ரேக்கைக் கீழே போடாமல், நம்மைப் பாறையோடு கட்டியிருக்கும் ஆங்கரில் தொங்கவிடுங்கள், அங்கே தரையே மணல்தான். கயிறு அசைந்து கேம் உள்ளே நடந்து போகாமலிருக்க, வழி வளையும் இடங்களில் 60 சென்டிமீட்டர் ஸ்லிங் சேருங்கள். உள்ளே நடந்துபோன, மணல் ஏறிய கேமை எடுக்க ஆகும் நேரத்தில் ஒரு பிட்சே ஏறிவிடலாம்.

நண்பருக்கு நேர்ப் பதில்: கை அளவும் அதற்கு மேலும் உள்ள எண்கள், அதாவது இரண்டு முதல் நான்கு வரை, தயங்காமல் வாங்கலாம். மூன்றாம் எண்ணை இரண்டாகவே வாங்குங்கள். விரல் அளவு எண்களுக்கு, கம்பி கழற்றி மாட்டக்கூடிய வேறு வடிவம் தேடுங்கள். மொத்தச் செட்டாகப் பார்த்தால் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் இன்று தர மனம் வருகிறது. விரலில் குத்திய இழையின் வலி இன்னும் போகவில்லை. அந்த வலியோடேதான் இன்னொரு மூன்றாம் எண்ணுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.