கடலோர வெயிலில் கெமோமில்: மேட்டுப்பாத்தியில் வளர்த்த அனுபவம்

பூவைக் காய வைத்து டீ போடும் கெமோமில் செடி புதுச்சேரியில் வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வரும், ஆனால் மழை ஓய்ந்த பிறகு தொடங்கி பங்குனி வெயிலுக்குள் முடித்துவிட வேண்டும். லாஸ்பேட்டையில் வீட்டுக்குப் பின்புறம் ஹாலோ பிளாக் அடுக்கிய மேட்டுப்பாத்தியில் சில பருவங்களாக ஜெர்மன் ரகம் வளர்க்கிறேன்.

மேட்டுப்பாத்தி வீண் செலவு என்பார்கள். ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இங்கே கரையைக் கடந்து கொட்டித் தீர்த்தபோது, தரைமட்டப் பாத்தி நாள்கணக்கில் சேறாகவே கிடந்தது. மேட்டுப்பாத்தியில் மட்டும் தண்ணீர் தானாக வடிந்து, சீக்கிரமே விதைக்க முடிந்தது. இந்தச் செடிக்கு வேரில் ஈரம் தேங்கக் கூடாது. செம்மண், மணல், கொஞ்சம் மண்புழு உரம் போதும். உரத்தை அள்ளிப் போட்டால் தழைதான் பெருகும், பூ குறையும்.

விதை தூசு மாதிரி இருக்கும். மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் லேசாக அழுத்திவிட்டால் சரி. முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே மண் போட்டு மூடக் கூடாது. பூவாளியில் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும், ஸ்பிரேயர்தான் நல்லது.

தை கடைசியில் பூக்கத் தொடங்கும். வெள்ளை இதழ்கள் படுக்கைவசமாக விரிந்திருக்கும்போது பறிக்க வேண்டும். கீழே மடங்கிவிட்டால் முற்றிவிட்டது என்று அர்த்தம். நடுவிலுள்ள மஞ்சள் குமிழைப் பிளந்து பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருந்தால் ஜெர்மன் ரகம்தான். ரோமன் ரகத்தில் அது கெட்டியாக இருக்கும். நசுக்கினால் ஆப்பிள் வாசனை வரும். பக்கத்து வீட்டு அக்கா சாமிக்கு வைக்கக் கேட்பார், கொடுத்துவிடுவேன்.

உண்மையான தொல்லை காய வைப்பதில்தான். கடற்காற்றின் ஈரத்தில் இதழ் காய்ந்தாலும் குமிழுக்குள் ஈரம் நிற்கும்; அப்படியே பாட்டிலில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். முறத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, நிழலில், ஃபேனுக்குக் கீழே வைக்கிறேன். குமிழ் விரலில் பொடியாக உதிர்ந்தால்தான் மூடி போடுவது. காய்ந்தபின் எடை சுமார் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே வருஷம் முழுக்க டீ குடிக்கலாம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

மொட்டில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வரும். குடிக்கப்போகும் பூவில் வேப்பெண்ணெய் வாடை எதற்கு? தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே விரட்டுகிறேன். அப்புறம், சாமந்திக் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் கேட்காமல் இந்த டீயைத் தொட வேண்டாம்.

பங்குனியில் இலை மஞ்சளாகி, பூ சிறுத்துப் போகும். நிழல்வலை கட்டி இழுத்துப் பிடிப்பதெல்லாம் வேலைக்காகாது. விதைக்கு ஒன்றிரண்டு செடியை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கி, அதே பாத்தியில் தண்டுக்கீரை தூவிவிடுகிறேன்.