குடும்பநல வழக்கில் சாட்சி விசாரணை: கூண்டிலா, காணொலியிலா?

கணவர் ஜபல்பூரில் விவாகரத்து மனு தாக்கல் செய்கிறார். ஐதராபாத்தில் வசிக்கும் மனைவி, வழக்கைத் தம் ஊருக்கு மாற்றித் தருமாறு உச்ச நீதிமன்றத்தை நாடுகிறார். இப்படி வந்த ஒரு மனுவில்தான் 2017 மார்ச் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, வழக்குகளை ஊர் மாற்றிக்கொண்டிருப்பதற்குப் பதிலாகக் காணொலி வசதி, சட்ட உதவி, பயணச் செலவுக்கான வைப்புத்தொகை ஆகியவற்றைக் கொண்டு இருந்த இடத்திலேயே நடத்தலாம் என்று வழிகாட்டியது. ஏழே மாதங்களில், அக்டோபர் 9 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. வழக்கை ஊர் மாற்றக் கோரும் மனுவில் காணொலி விசாரணைக்கு உத்தரவிடக் கூடாது; சமரச முயற்சி தோற்ற பிறகே, இரு தரப்பும் சம்மதித்தாலோ, நீதிக்கு அது உதவும் எனக் குடும்பநல நீதிமன்றமே கருதினாலோ அனுமதிக்கலாம் என்பது பெரும்பான்மையின் முடிவு.

தொலைவு என்ற ஒரே சிக்கலுக்கு இரண்டு மருந்துகள் இவை: ஒன்று வழக்கை நகர்த்துகிறது, மற்றொன்று சாட்சியைத் திரைக்குள் கொண்டுவருகிறது. இரண்டும் சமம் என்று எண்ணுவதில்தான் என் ஆட்சேபம் தொடங்குகிறது.

செலவையும் நாளையும் மட்டும் கணக்கிட்டால் காணொலியே வெல்லும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஒரு வாய்தாவுக்காகக் கைக்குழந்தையோடு இரண்டு இரவுகள் ரயிலில் போய், நீதிபதி விடுப்பில் இருக்கிறார் என்று கேட்டுத் திரும்பும் பெண்ணிடம் நேரில் வருவதன் மேன்மையை எடுத்துரைப்பது கொடுமை. ஆனால் அந்தத் துன்பத்தை வழக்கு மாற்றமும் தீர்க்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மனைவி மனுதாரராக இருக்கும்போது தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர 2003 முதல் இடம் தருகிறது. கணவர் வேறு மாநிலத்தில் தொடுத்த வழக்கை மாற்ற உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இருக்கிறது. காணொலி கிடைக்கிறது என்பதையே காரணமாக்கி மாற்ற மனுவைத் தள்ளினால், இருந்த ஒரு வழியும் அடைபடும்.

குறுக்கு விசாரணையில் இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரியும். சாட்சியை அழைத்த தரப்பே நடத்தும் முதல் விசாரணை பெரும்பாலும் பிரமாண வாக்குமூலமாக எழுத்திலேயே வந்துவிடுகிறது. ஆகவே சாட்சி தம் வாயால் பேசுவதை நீதிபதி கேட்பது பெரும்பாலும் குறுக்கு விசாரணையில்தான். அடித்தாரா, வரதட்சணை கேட்டார்களா, வருமானம் எவ்வளவு என்பவை நான்கு சுவர்களுக்குள் நடந்தவை. மூன்றாம் சாட்சி அரிது. இருவரில் யாரை நம்புவது என்பதே வழக்கு. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 18ஆம் கட்டளை 12ஆம் விதி, சாட்சியின் நடத்தையைப் பற்றி நீதிபதி குறிப்பெழுத இடம் தருவது இதற்காகத்தான். திரையில் தெரிவது முகமும் தோளும் மட்டுமே. பதில் தாமதமானால் தயக்கமா, இணையக் கோளாறா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆவணங்களின் நிலையும் அப்படித்தான். சம்பளத்தை மறைத்த கணவரிடம் அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தைக் கூண்டில் வைத்து நீட்டும் அந்த நொடிக்கு ஒரு மதிப்பு உண்டு. காணொலியில் அதே தாளைச் சாட்சி இருக்கும் தொலைவிடத்துக்கு முன்னதாகவே அனுப்ப வேண்டி வந்தால், கேள்வி வருமுன் பதில் தயாராகிவிடும்.

அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. குடும்பநல நீதிமன்றச் சட்டம், 1984, தன் 11ஆம் பிரிவில், தரப்பினரில் ஒருவர் விரும்பினாலே விசாரணையைத் தனியறையில் நடத்தியாக வேண்டும் என்கிறது. நீதிமன்றத்தில் கதவைச் சாத்தினால் போதும். கைப்பேசியிலிருந்து இணையும் ஒருவரின் அறைக் கதவை நீதிபதியால் சாத்த முடியாது. கேமராவுக்குப் பின்னால் மாமியாரோ அண்ணனோ நின்றாலும் தெரியாது. திரையைப் பதிவு செய்து உறவினர் குழுவில் அனுப்புவதைத் தடுக்கவும் வழியில்லை. தொலைவிடத்தில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்து, சாட்சிக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என உயர் நீதிமன்றங்களின் காணொலி விதிகள் சொல்கின்றன. அந்த ஏற்பாடு உண்மையாக நடந்தால் என் ஆட்சேபத்தில் பாதி விலகும். ஆகவே காணொலி என்று ஒரே சொல்லால் குறிக்காமல், இன்னொரு நீதிமன்ற வளாகத்திலிருந்து பேசுவதையும் வீட்டிலிருந்து பேசுவதையும் பிரித்தே எடைபோட வேண்டும். முன்னது சகிக்கத்தக்கது, பின்னதைச் சாட்சி விசாரணைக்கு ஏற்கவே கூடாது.

குழந்தையின் பொறுப்பு குறித்த வழக்கில் எனக்குத் தயக்கமே இல்லை. நீதிபதி குழந்தையைத் தம் அறைக்கு அழைத்து, பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடம், நண்பர்கள் என்று பேச்சைத் தொடங்கி மெல்ல மனத்தை அறிவது நெடுநாள் வழக்கம். எந்தப் பெற்றோரிடம் குழந்தை இருக்கிறதோ அவர் வீட்டிலிருந்தே அது திரையில் பேசினால், ஒவ்வொரு பதிலுக்கும் முன் அதன் கண் கேமராவைத் தாண்டி ஒருவரைத் தேடும்.

2017 அக்டோபரில் பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி சந்திரசூட்டின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1984இன் சட்டம் இன்றைய தொழில்நுட்பத்துக்கு முந்தியது, தன் நடைமுறையை வகுத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே நீதிமன்றத்துக்குத் தருகிறது என்றார் அவர். அடித்த கணவரின் எதிரில், அதே நடைக்கூடத்தில் காத்திருக்க அஞ்சும் பெண்ணுக்குத் திரை ஒரு காவல் என்பதையும் நான் ஏற்கிறேன். அதனால்தான் இருவரின் சம்மதத்தையும் ஒரே தராசில் வைப்பது சரியாகப் படவில்லை. அச்சத்தைக் காரணம் காட்டி ஒருவர் காணொலி கேட்டால் மறுதரப்பின் மறுப்பு அதைத் தடுக்கக் கூடாது. வசதிக்காக ஒருவர் கேட்டு மற்றவர் மறுத்தால் அந்த மறுப்பே நிற்க வேண்டும். பெருந்தொற்று தொடங்கிய 2020 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகூட, வாதங்களைக் கேட்கவே காணொலியை முதன்மையாகப் பயன்படுத்தச் சொல்லி, இரு தரப்பும் சம்மதிக்காமல் சாட்சியம் பதியக் கூடாது என்றது.

வாய்தா கேட்பதற்கும், சட்ட வாதத்துக்கும், சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பவர் பரஸ்பர சம்மத விவாகரத்தை உறுதிசெய்வதற்கும் காணொலி தாராளமாகப் போதும். சமரசப் பேச்சும் குறுக்கு விசாரணையும் குழந்தையைச் சந்திப்பதும் நேரில் நடக்கட்டும்; அதற்காக வர வேண்டிய ஓரிரு நாள்களின் பயணப்படியை, வசதியுள்ள தரப்பு முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்டிவிட வேண்டும். 2017 மார்ச் தீர்ப்பு சொன்ன பாதுகாப்புகளில், வழிகாட்டுதல் மாறிய பிறகும் கைவிடக் கூடாதது அந்த வைப்புத்தொகைதான்.